கோத்தகிரி மைக்ரோவேவ் லிங்க்: எக்ஸ்பிக் போடலாமா, டிஷ்ஷை மாற்றலாமா?

வணக்கம் நண்பர்களே. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு எங்களிடம் லைசென்ஸ் வாங்கிய 15 கிகாஹெர்ட்ஸ் லிங்க் ஒன்று ஓடுகிறது. நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 28 மெகாஹெர்ட்ஸ் சேனல், 256 க்வாம் (ரேடியோ அலையில் டேட்டாவை ஏற்றும் முறை, எண் கூடினால் வேகமும் கூடும்), இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் டிஷ். கிடைப்பது 180 எம்பிபிஎஸ் சுற்றி. சாயங்காலம் ஏழு மணி ஆனால் கிராஃப் மேலே போய் அப்படியே தட்டையாக நிற்கிறது, மேலே ஆன்லைன் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் வீட்டிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். மலைச்சரிவில் ஃபைபர் மழைக்காலத்தில் நிற்காது, அதனால் ரேடியோதான் வழி. அதன் கொள்ளளவை எப்படிக் கூட்டுவது என்பதுதான் கேள்வி.

4096 க்வாமுக்குப் போனால் கணக்குப்படி 50 சதவீதம்தான் கூடும், அதற்கே சுமார் 12 டிபி (டெசிபல்) அதிக சிக்னல் வேண்டும், போதாததற்கு ரேடியோ தன் பவரையும் குறைத்துக்கொள்ளும். டிஷ்ஷை 1.2 மீட்டராக்கினால் பக்கத்துக்கு 6 டிபி கிடைக்கும், சரி, ஆனால் காற்று பிடிக்கும் பரப்பு நாலு மடங்கு, பழைய டவர் தாங்குமா என்பதுதான் என் பயம். ஈ-பேண்ட் (70/80 கிகாஹெர்ட்ஸ்) இந்தத் தூரத்துக்கு மழையில் நிற்காது.

எனக்கு மனசு எக்ஸ்பிக் பக்கம்தான் போகிறது: அதே சேனலில் இரண்டு போலரைசேஷனில் (அலை அதிரும் திசை, ஒன்று நிமிர்ந்து, ஒன்று கிடையாக) தனித்தனி டேட்டா, ஒன்று மற்றதில் கலப்பதை எக்ஸ்பிக் நீக்கும், கொள்ளளவு இரட்டிப்பு. மலைப்பகுதியில் இதைப் போட்டவர்கள் சொல்லுங்கள், கனமழையில் இரண்டுக்கும் நடுவே பிரிப்பு எவ்வளவு இறங்கியது? அப்புறம், இரண்டாவது போலரைசேஷனுக்குத் தனியாக அனுமதியும் கட்டணமும் கேட்டார்களா?