வேல்ஸில் காடு வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் சொந்தமாகக் காடு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். ஆனால் இந்த வருடம் வேண்டாம். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். ஒரு குளிர்காலத்தை முழுசாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய விளம்பரப் படங்கள் எல்லாம் மே மாதத்தில் எடுத்தவை. தரை முழுக்கப் புளூபெல் நீலமாகப் பூத்திருக்கும்போது எந்தக் காடும் சொர்க்கமாகத்தான் தெரியும். அதே இடத்துக்கு ஜனவரியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, மாலை நான்கு மணிக்குப் போய் நில்லுங்கள். இருட்டிக்கொண்டு வரும், பூட்ஸ் சேற்றில் புதையும். அப்போதும் பிடித்திருந்தால் விலை பேசலாம். நான் 2019-இல் தென்மேற்கு வேல்ஸின் கார்மார்த்தன்ஷயரில் நான்கு ஏக்கர் வாங்கியபோது ஜூன் மாதத்தில் ஒரே ஒரு முறை பார்த்தேன். நம் கணக்கில் நானூறு சென்ட். ஊரில் அப்பாவுக்கு இருந்ததைவிட அதிகம் என்ற பெருமையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடி வாங்கியது பாதையில். பத்திரத்தில் பாதை உரிமை இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பாதை ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே சரிவாக இறங்கும் மண் தடம். நவம்பரில் கார் சிக்கிக்கொண்டது. அவரே டிராக்டரில் கட்டி இழுத்துவிட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அதன்பிறகுதான் பத்திரத்தை ஒழுங்காகப் படித்தேன். அந்தத் தடத்தைப் பயன்படுத்தும் எல்லாரும் பராமரிப்புச் செலவைப் பகிர வேண்டும் என்று இருந்தது. ஜல்லி கொட்டிச் சரிசெய்ததில் என் பங்கு, காட்டின் விலையில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று. ஆகவே பாதை உரிமை உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். நடக்க மட்டுமா, கார் போகலாமா, மரம் ஏற்றிய லாரி போகலாமா, பழுது பார்ப்பது யார், என்ன விகிதத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நம் ஊரில் நிலம் வாங்குபவர் முதலில் வில்லங்கம் பார்ப்பார். இங்கே பதிவான நிலமாக இருந்தால் நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் சில பவுண்டுகளுக்கு உரிமைப் பதிவேடும் வரைபடமும் கிடைக்கும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்துப் படிப்பதுபோல் படியுங்கள். ஒரு வித்தியாசம்: வரைபடத்தில் சிவப்புக் கோடு காட்டுவது பொதுவான எல்லையைத்தான். நம் புலப்படத்தைப்போல் அடிக்கணக்கில் அளந்து தராது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் முழுக்க நடந்து பாருங்கள். விற்பவர் போடும் நிபந்தனைகளும் நிறைய இருக்கும்: கேரவன் நிறுத்தக் கூடாது, மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது, துண்டு போட்டு விற்கக் கூடாது. நிலத்தடிக் கனிம உரிமையையும் வேட்டை உரிமையையும் பழைய உரிமையாளர் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கலாம். காடு உங்களுடையது, அதில் மேயும் காட்டுக்கோழியைச் சுடும் உரிமை இன்னொருவருடையது!

தம்பியின் கேள்வியைப் பார்த்துவிட்டு, காட்டில் வீடு கட்டலாமா என்று இதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முடியாது. "பிறகு மனையாக மாற்றிக்கொள்ளலாம்" என்ற நம் ஊர் யோசனையை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2010-இல் வேல்ஸ் அரசு 'ஒன் பிளானட் டெவலப்மென்ட்' என்று ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் உணவு, வருமானம், எரிசக்தி ஆகிய அடிப்படைத் தேவைகளை ஐந்து வருடத்துக்குள் அந்த நிலத்திலிருந்தே பெறுவதாகத் திட்டம் கொடுத்து, வருடாவருடம் கணக்கும் காட்ட வேண்டும். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மண்ணில் இறங்குபவர்களுக்கானது அது. மற்றவர்கள் கூடாரம் அடித்துத் தங்கலாம். வேல்ஸில் தற்காலிகப் பயன்பாட்டுக்கு வருடத்துக்கு 28 நாள் பொது அனுமதி உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் 60 நாள் என்று சொன்னால் அது அவருடைய நாட்டு விதி. கருவிகளை வைக்கக் கொட்டகை போடுவதானாலும் உள்ளூர்த் திட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

சொந்த மரத்தை வெட்டவும் கணக்கு இருக்கிறது. காலாண்டுக்கு ஐந்து கன மீட்டர் வரை உரிமம் இல்லாமல் வெட்டலாம், அதில் விற்பது இரண்டு கன மீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் வேல்ஸ் இயற்கை வள அமைப்பிடம் வெட்டும் உரிமம் வாங்க வேண்டும். மரத்துக்குத் தனிப் பாதுகாப்பு ஆணை இருந்தாலோ, வௌவாலோ டார்மவுஸ் எலியோ குடியிருந்தாலோ விதிகள் இன்னும் இறுகும். குளிருக்கு அடுப்பெரிக்க எனக்கு உரிமம் இல்லாமல் வெட்டும் அந்த அளவே தாராளம்.

என்ன மரம் நிற்கிறது என்று தெரியாமல் மட்டும் வாங்காதீர்கள். ஓக் இருந்தால் நல்லது. ஆஷ் மரம் நிறைய இருந்தால் யோசியுங்கள். 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அந்த மரங்களை நுனியிலிருந்து காய வைத்துக்கொண்டு வருகிறது. காய்ந்த ஆஷ் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. சாலையோரம் பத்து மரம் அப்படி நின்றால், ஆள் வைத்து வெட்டும் செலவைக் கேட்டதும் மயக்கம் வரும். லார்ச் மரத்துக்கு வேறு நோய், வேல்ஸில் 2010 முதல் இருக்கிறது. அது வந்துவிட்டால் வெட்டச் சொல்லி அரசு அறிவிப்பு வரும், செலவு உங்களுடையது.

வேலியையும் பாருங்கள். வேல்ஸில் மனிதர்களைவிடச் செம்மறி ஆடுகள் அதிகம். உள்ளே நுழைந்தால் முளைத்து வரும் கன்று ஒன்றுகூட மிஞ்சாது. என் காட்டில் பெரிய மரங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாததை முதலில் அழகு என்று நினைத்தேன். பல வருடம் ஆடு மேய்ந்த வெறுமை அது. ஆட்டைக் கட்டுப்படுத்துவது ஆட்டுக்காரர் பொறுப்புத்தான். ஆனால் வேலி போடும் கடமை உங்களுடையது என்று பத்திரத்தில் இருந்தால் அவரிடம் சண்டைக்குப் போக முடியாது.

வரைபடத்தில் இருக்கும் வெல்ஷ் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'கோய்ட்' என்றால் மரங்கள், காடு. 'டெர்வென்' ஓக். 'குவெர்ன்' என்றால் ஆல்டர் மரம் நிற்கும் ஈரச் சதுப்பு. சொல்லின் முதலெழுத்து இடத்துக்கேற்ப மாறும் மொழி என்பதால் பெரும்பாலும் 'வெர்ன்' என்றே எழுதியிருக்கும். என் காட்டை ஒட்டிய வயலின் பெயரில் அந்த 'வெர்ன்' இருக்கிறது. ஆலங்காடு, பனங்காடு என்று ஊர்ப்பெயர் வைத்த நமக்கே அது உறைக்கவில்லை. பெயரிலேயே எழுதி வைத்திருந்தும் காரைச் சேற்றில் விட்டேன். ஒரு வேண்டுகோள்: வாங்கிய பிறகு உங்கள் பிள்ளையின் பெயரைக் காட்டுக்கு வைத்துப் பலகை மாட்டாதீர்கள். பழைய பெயர்கள் அழிவது இங்கே பலருக்கும் உள்ள ஆறாத வருத்தம். பழைய பெயரையே சொன்னேன் என்பதற்காகப் பக்கத்துப் பண்ணைக்காரர் என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

பணத்துக்கு வருகிறேன். வழக்கமான வீட்டுக் கடன் காட்டுக்குக் கிடைக்காது, ரொக்கம்தான். வேல்ஸில் 2018 முதல் தனி நிலப் பரிவர்த்தனை வரி இருக்கிறது. காடு குடியிருப்பு அல்லாத சொத்து என்பதால் 225,000 பவுண்டு வரை அந்த வரி பூஜ்யம். ஊரிலிருந்து பணம் வருவதானால், அது எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர், அதாவது பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர், துருவித் துருவிக் கேட்பார். கிரயப் பத்திர நகல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். நிலம் வாங்க விசா தடையில்லை, ஆனால் நிலம் இருப்பதால் விசாவும் கிடைக்காது. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. ஆகவே விறகு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் காட்டில் வெளியாருக்கு அடிபட்டால் இழப்பீட்டுக்கு உதவும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டை வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள், பொது நடைபாதை உள்ளே போனால் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரம் அறுக்கும் செயின்சா என்ற மோட்டார் ரம்பத்தைப் பயிற்சி எடுக்காமல் தொடாதீர்கள்.

கோடையில் குழந்தைகளுடன் பார்க்கப் போவதாகச் சொன்ன சகோதரிக்கு: உண்ணி இருக்கும். பேண்ட் முனையைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் பாருங்கள். உண்ணி நீக்கும் சிறு கொக்கி மருந்துக் கடைகளில் கிடைக்கும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.