கார்ட்டூன் நெட்வொர்க்கில் உங்கள் காலம் எது? நினைவில் இருப்பதை எழுதுங்கள்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, பழைய வீடியோ கேசட்டிலிருந்து யாரோ ஏற்றி வைத்திருந்த இருபது நிமிடப் பதிவு ஒன்று கண்ணில் பட்டது. 1998 அல்லது 99ஆக இருக்கும். படம் கோடு கோடாக ஓடுகிறது, கார்ட்டூன் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் நான் கார்ட்டூனைப் பார்க்கவே இல்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஐந்தாறு விநாடி வந்து போகுமே, அந்தக் கருப்பு வெள்ளைக் கட்டங்கள், அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மேலே ஏழு கட்டம், கீழே ஏழு கட்டம். மேலே கருப்பு என்றால் அதற்கு நேர் கீழே வெள்ளை. கார்ட்டூன் என்ற சொல்லுக்கும் நெட்வொர்க் என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஏழேழு எழுத்து என்பதை அந்த வயதில் விரல் விட்டு எண்ணிக் கண்டுபிடித்து, பெரிய ரகசியம் மாதிரி மனசுக்குள் வைத்திருந்தேன்.

அதோடு வரும் இசையும் அப்படித்தான். இயந்திரங்கள் வரிசையாக ஓடுகிற மாதிரி தடதடவென்று போகும். அது 1937இல் ரேமண்ட் ஸ்காட் எழுதிய பவர்ஹவுஸ் என்பதும், அவர் கார்ட்டூனுக்காக அதை எழுதவே இல்லை என்பதும், பிறகு வார்னர் கார்ட்டூன்களின் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங்தான் எடுத்து ஊரறியச் செய்தார் என்பதும் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. நேற்று அது காதில் விழுந்ததும் கை தானாகவே சத்தத்தைக் குறைக்கப் போனது. பக்கத்து அறையில் அப்பா தூங்குவார் என்று. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

என் காலம் டிஎன்டி காலம். இந்தியாவில் 1995இல் இந்தச் சேனல் வந்தபோது ஒரே அலைவரிசையில் பகலில் கார்ட்டூன், இரவில் டிஎன்டி என்ற பழைய ஹாலிவுட் படச் சேனல். எங்களுக்கு ஒன்பது மணி என்றால் கதவைச் சாத்துகிற மாதிரி. ஆனால் நான் உடனே எழுந்திருக்க மாட்டேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. டாம் அண்ட் ஜெர்ரி தொடங்கும் முன்னால் வட்டத்துக்குள் ஒரு சிங்கம் தலையைத் திருப்பிக் கர்ஜிக்கும் இல்லையா? டிஎன்டியில் வருகிற படங்கள் பலவற்றுக்கும் அதே சிங்கம்தான் முதலில் வரும். சிங்கம் வந்துவிட்டது, இன்னொரு டாம் அண்ட் ஜெர்ரி போடப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் நம்பி உட்கார்ந்திருப்பேன். பிறகு யாரோ ஒரு கனவான் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசத் தொடங்குவார். இந்தச் சேனல்களைத் தொடங்கிய டெட் டர்னர் 1986இல் அந்தச் சிங்க முத்திரைக்காரர்களான எம்ஜிஎம் நிறுவனத்தின் பழைய படங்களை மொத்தமாக வாங்கினார், பகல் கார்ட்டூனும் ராத்திரிப் படமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று படித்தபோது, அந்தச் சிறுவன் அப்படியொன்றும் தப்பாக நம்பவில்லை என்று தோன்றியது.

2001இல் இருபத்துநான்கு மணி நேரமும் கார்ட்டூன் என்று ஆனது. எல்லோரும் கொண்டாடினார்கள், நானும்தான். ஆனால் அந்த ஒன்பது மணி போய்விட்டது. எனக்குக் கார்ட்டூன்களைவிட இந்த மாதிரி விஷயங்கள்தான் நினைவில் இருக்கின்றன. கார்ட்டூனை இன்றைக்கும் தேடி எடுத்துப் பார்த்துவிடலாம், சேனலை எங்கே போய்ப் பார்ப்பது? உங்களுக்கு எப்படி? எந்தக் காலம்?

* * *

நானும் அதே காலம்தான் அண்ணா. ஆனால் எனக்கு எல்லாமே ஸ்வாட் கேட்ஸ். பகலில் பழைய இரும்புக் குவியலுக்கு நடுவே வண்டி ரிப்பேர் பார்க்கும் இரண்டு பூனைகள், ஆபத்து என்று தெரிந்ததும் கீழே இறங்கி, முகமூடி கட்டிக்கொண்டு, டர்போகேட்டில் ஏறிவிடுவார்கள். அவர்களே பொறுக்கிச் சேர்த்துக் கட்டிய விமானம் அது. எனக்குப் பிடித்ததே அதுதான். யாரும் அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் டர்போகேட்டைப் போடுவேன். இறக்கை எப்போதுமே சரியாக வராது, மூன்று என்ஜினையும் பின்னால் எப்படி அடுக்குவது என்று புரியாது. அதற்காகவே டிவிக்கு மிக அருகில் உட்கார்ந்து, விமானம் திரும்புகிற அந்த ஒரு நொடியில் பின்பக்கத்தை மட்டும் பார்த்து, ஓடி வந்து வரைவேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தத் தொடர் 1993இல் தொடங்கி இரண்டே பருவத்தில் 1995 ஜனவரியோடு முடிந்துவிட்டது. நம் நாட்டுக்குச் சேனல் வந்ததே அதே வருஷம் மே மாதம். அதாவது நான் ‘அடுத்து என்ன ஆகும்’ என்று காத்திருந்த அத்தனை நாளும் அது ஏற்கெனவே முடிந்துபோன கதை. திரும்பத் திரும்பப் போட்டதால் முடிவே இல்லாதது போலத் தெரிந்திருக்கிறது. இதைப் படித்த அன்று மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அப்புறம் யோசித்தால், ஒரு முடிவும் தெரியாமல் அத்தனை வருஷம் காத்திருக்க முடிந்ததே, அதற்காக நன்றியும் வருகிறது.

* * *

தமிழ் ஒலி வந்ததைப் பற்றி யாருமே எழுதவில்லையே!

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லாம் ஆங்கிலம்தான். எனக்கும் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் தம்பிக்கு நான்தான் அக்கா, அதனால் எனக்கு எல்லாம் தெரியும். “அவன் என்ன சொன்னான்?” என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்பான், நான் சொல்வேன். புரிந்தால் புரிந்தது, புரியாத இடத்தில் நானே ஒரு கதை சொல்லிவிடுவேன். டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரியில் வரும் டெக்ஸ்டரும் டீடீயும் நிஜத்தில் தம்பி அக்கா இல்லை, டீடீ வேறு கிரகத்திலிருந்து தொலைந்து வந்தவள், அதனால்தான் எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் வீட்டுக்குப் போகும் வழி என்று அழுத்திப் பார்க்கிறாள் என்று முழு வரலாறே சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் திடீரென்று டிவி தமிழில் பேசியது. முதல் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் அசையவே இல்லை. தம்பி என்னைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான். டீடீ டெக்ஸ்டரின் அக்காதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ‘ஏன் பொய் சொன்னாய்’ என்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து “அவன் என்ன சொன்னான்” என்பது நின்றுபோனது. எனக்குச் சேனலின் ஒரு காலம் முடிந்தது என்றால் அது அந்த நாள்தான்.

போன வருஷம் அவன் மகளுக்கு அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான், கதவோரம் நின்று கேட்டேன். வேறு கிரகத்திலிருந்து தொலைந்து வந்த பெண் கதை.

* * *

மேலே எழுதிய அக்காவின் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

என்னுடையது கரேஜ். 1995இல் புதியவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு குறும்படம் எடுக்கவிட்டார்களாம், டெக்ஸ்டர், ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். கரேஜும் அதில் ஒன்று, அந்தக் குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. பிறகு 1999இல் தொடராக வந்தது. எங்குமில்லாத ஒரு வெட்டவெளி, ஒரே ஒரு வீடு, ஒரு கிழவி, ஒரு கிழவர், எதைக் கண்டாலும் நடுங்குகிற ஒரு நாய். பயந்துகொண்டே அத்தனை பேயையும் அதுதான் துரத்தும். கிழவருக்கு மட்டும் அது முட்டாள் நாய்.

பாட்டியோடு சேர்ந்து பார்ப்பேன். பாட்டிக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஒன்றுகூட விட்டதில்லை. கிழவி மியூரியல் நாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டால் பாட்டி முகம் அப்படியே இளகும். கிழவர் யூஸ்டஸ் பச்சை முகமூடியைப் போட்டுக்கொண்டு நாயைப் பயமுறுத்தும்போது, “அதோட அருமை இவனுக்கு எங்க தெரியப்போகுது” என்று நிஜமாகவே கோபப்படுவார். ராம்சீஸ் ராஜா வரும் கதை வந்தபோது நான் பாட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். காற்று வீசும் இருட்டில் மெலிந்த ஓர் உருவம் நின்று, கல்லைத் திருப்பிக் கொடு என்று சொல்லும். மற்ற கார்ட்டூன் மாதிரி வரைந்ததே இல்லை அது, வேறு ஏதோ உள்ளே நுழைந்துவிட்டது மாதிரி இருக்கும். பாட்டி சேனலை மாற்றவில்லை. கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார். அவர் பிடித்த அந்த இடம் இப்போது எழுதும்போதும் தெரிகிறது.

* * *

எல்லோரும் தொண்ணூறுகளையே எழுதுகிறீர்கள். 2004க்குப் பிறகு எல்லாம் போச்சு என்று ஒருவர் எழுதி, பிறகு அழித்துவிட்டார், நான் பார்த்தேன். சரி, அதற்கே பதில் சொல்கிறேன்.

கட்டங்களை எடுத்துவிட்டு இரண்டே எழுத்துள்ள முத்திரை வந்தது என் காலம். அப்போது இடைவேளைகளில் ஒரு நகரத்தைக் காட்டுவார்கள், நினைவிருக்கிறதா? தெரு, கட்டடம் எல்லாம் கணினியில் செய்தது, அதில் எல்லாத் தொடர்களின் ஆட்களும் தட்டையான ஓவியமாகவே நடந்து போவார்கள். வேறு வேறு தொடரில் இருப்பவர்கள் ஒரே தெருவில் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது வெறும் இடைவேளை இல்லை. டிவியை அணைத்த பிறகும் இவர்கள் எல்லாம் எங்கேயோ ஓர் ஊரில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது அதுதான். கட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது என்னவோ, இந்த நகரம் எனக்கு அதுதான்.

பென் 10 வந்தபோது பெரியப்பாவின் ஓடாத கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணாடி மேல் ஓங்கி அடித்தால்தானே உருமாற முடியும்? கண்ணாடி விரிசல் விட்டது. பெரியப்பா திட்டவில்லை, “இப்ப என்னவா மாறியிருக்க?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் சேனலின் இணையதளம். பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அண்ணன் கணினியில் அரை மணி நேரம் விளையாடலாம் என்று ஒப்பந்தம். ஃபிளாஷ் விளையாட்டு ஒன்று திறக்க எடுத்துக்கொள்ளும் நேரமே பத்து நிமிடம், அந்தப் பட்டை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். 2020 முடிவில் அந்த விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் போனது. 2024 ஆகஸ்டில் அந்தத் தளமே மூடப்பட்டு, முகவரியைத் தட்டினால் வேறு எங்கோ கொண்டுபோய் விட்டது. செய்தியைப் பார்த்தவுடன் நான் செய்த முதல் காரியம், அந்த முகவரியைத் தட்டிப் பார்த்ததுதான். நிரம்புவதற்கு ஒரு பட்டைகூட இல்லை.

* * *

நான் சின்ன வயதில் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் டிவி வந்தது தாமதமாக. நான் இந்தச் சேனலைப் பார்த்தது முப்பது வயதுக்கு மேல், அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கிய பிறகு. அவர் கையில் ரிமோட் இருக்கும், எதில் நிற்கிறதோ அதைப் பார்ப்போம். ஒரு நாள் அட்வென்சர் டைமில் நின்றது.

அதில் ஐஸ் கிங் என்று ஒரு கிழவன். முதலில் வெறும் கிறுக்கன் என்று நினைத்தேன். பிறகு ஒரு கதையில் தெரிகிறது, அவன் முன்பு சைமன் என்ற நல்ல மனிதன், உலகம் அழிந்த பிறகு மார்சலீன் என்ற சின்னப் பெண்ணைத் தனியாகக் காப்பாற்றியவன். அவளைக் காப்பாற்ற ஒரு கிரீடத்தை அணிகிறான், அணிய அணிய அது அவன் நினைவைத் தின்றுவிடுகிறது. பிறகு ஒரு நாள் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முன்பு எழுதிய கடிதத்தையே அவனிடம் காட்டுகிறாள். அவனுக்கு எதுவும் நினைவு வரவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிறார்கள்.

அப்பா பாட்டு முடியும்வரை சேனலை மாற்றவில்லை. எனக்கு அவ்வளவுதான் அனுபவம். குழந்தைகள் சேனல் என்று சொல்கிறீர்கள், எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

* * *

தொடங்கியவன் நான்தான், திரும்ப வருகிறேன். எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. 2004க்குப் பிறகு எல்லாம் போச்சு என்று எழுதி அழித்தது நான்தான். அந்த நகரத்தைத் தேடிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி தம்பி, அதை முன்பு ஒழுங்காகப் பார்க்காமலேயே பேசியிருக்கிறேன்.

இன்று காலை பரண் மேல் ஏறி எங்கள் வீட்டுக் கேசட்டுகளை இறக்கினேன். கார்ட்டூன் என்று அப்பா கையெழுத்தில் எழுதிய இரண்டு இருந்தன. பழைய பிளேயர் ஒன்று இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கேசட்டிலும் கார்ட்டூன் மட்டும்தான், ஒன்றன் பின் ஒன்றாக. நடுவில் வருவது எதுவும் இல்லை. பிறகுதான் நினைவு வந்தது, கட்டங்கள் வந்ததும் ஓடிப்போய் நிறுத்து பொத்தானை அழுத்துவது என் வேலை, டேப் வீணாகக் கூடாது என்று அப்பா கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு இடத்திலும் சரியாக அழுத்தியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை தாமதித்திருக்கிறது. இரண்டு கட்டங்கள் விழுகின்றன, சி, அப்புறம் ஏ, உடனே அடுத்த கார்ட்டூன்.

அப்போது பொத்தானை அழுத்தாத யாரிடமாவது கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூசணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே எழுதுங்கள். படமாக மாற்றுகிற செலவு என்னுடையது.