குடும்ப ஜெபத்தில் பெரியவன் உட்கார மறுக்கிறான், கட்டாயப்படுத்தலாமா?

கேள்வி (மூன்று பிள்ளைகளின் அம்மா):
பிள்ளைகளுக்கு வயது 13, 8, 4. தினமும் இரவு 9 மணிக்குக் குடும்ப ஜெபம். இரண்டு பாட்டு, ஒரு அதிகாரம், அப்பாவின் ஜெபம் எல்லாம் முடிய 40 நிமிடம் ஆகிறது. சின்னவன் தூங்கிவிடுகிறான், நடுப்பிள்ளை நெளிகிறாள். பெரியவன், "இதெல்லாம் உண்மைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறான். என்ன செய்யலாம்?

பதில் (ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை):
முதலில் நேரத்தை மாற்றுங்கள். 9 மணி நாலு வயதுப் பிள்ளைக்குத் தூங்கும் நேரம். இரவுச் சாப்பாடு முடிந்து, எழுவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். 12 நிமிடம் போதும்: பாட்டில் ஒரு சரணம், வேதத்தில் பத்துப் பன்னிரண்டு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம்.

ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கும் வீடுகள் பல, யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக்கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் நின்றுவிடும். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்குவில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரம். வாரம் ஐந்து நாள் வாசித்தாலே மூன்று மாதத்துக்குள் முடியும்.

மாற்கு 2:1-12-ஐ எடுத்துக்கொள்வோம்: நாலு பேர் கூரையைப் பிரித்து, ஒரு நோயாளியைப் படுக்கையோடு இயேசுவின் முன் இறக்கும் கதை. சின்னவன் கைக்குட்டையின் நாலு முனையிலும் நூல் கட்டி, ஒரு பொம்மையை மேலிருந்து இறக்கட்டும். எட்டு வயதுக்காரி வாசிக்கட்டும். "திமிர்வாதக்காரன்" என்ற இடத்தில் கட்டாயம் தடுமாறுவாள். கை கால் அசையாதவர் என்று அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள். புரியாத சொல் இரண்டு சேர்ந்தால் பிள்ளையின் கவனம் போய்விடும், நாம் அதை அடங்காமை என்று நினைத்துக்கொள்கிறோம். பெரியவனுக்கு ஐந்தாம் வசனம். "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று இருக்கிறதே, யாருடைய விசுவாசம்? கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

பதில் (வாலிபர் ஐக்கிய வழிகாட்டி):
அவன் கேட்டது நல்ல கேள்வி. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்தால் கேள்வி போகாது, உங்களிடம் கேட்பதுதான் நிற்கும். தம்பி தங்கை முன்னால் வாதாட வேண்டாம். தனியாக நடந்து போகும்போது, "உனக்கு எது இடிக்கிறது?" என்று கேளுங்கள். படைப்பா, கேட்டும் கிடைக்காத ஜெபமா, சபையில் பார்த்த மாய்மாலமா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, சேர்ந்து தேடுங்கள்.

கட்டாயம் பற்றி: உட்காரட்டும், ஆனால் வாய்விட்டு ஜெபிக்கவோ பாடவோ வற்புறுத்தாதீர்கள். இயேசு உயிர்த்தெழுந்தார் என்றபோது "விசுவாசிக்கமாட்டேன்" என்ற சீஷன் தோமாவை மற்றச் சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது அவனும் அவர்களோடு உள்ளேதான் இருந்தான் (யோவான் 20:26).

பதில் (ஓய்வு பெற்ற ஆயர்):
வேதத்தைப் பிரம்பாக்கிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சேட்டைக்குத் தண்டனை பத்து வசனம் மனப்பாடம். ஜெபத்திலேயே குத்தல் வேறு: "ஆண்டவரே, போனையே பார்த்துக்கொண்டிருக்கும் இவனைத் திருத்தும்." இது ஆண்டவரிடம் பேசுவது அல்ல, பிள்ளைக்குத் திட்டு. பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தகப்பன்மாருக்குச் சொல்லும் எபேசியர் 6:4-இல் "போதனை" வருவதற்கு முன் "கோபப்படுத்தாமல்" வந்துவிடுகிறது. அப்பா கத்திய நாளில் அதே இடத்தில், "நான் கத்தியது தப்பு, மன்னித்துவிடு" என்று சொல்லட்டும். "ஆனால் நீயும்" என்று இழுக்க வேண்டாம்.

பிள்ளையை நல்ல வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்கிற நீதிமொழிகள் 22:6 ஞானமொழி, உத்தரவாதச் சீட்டு அல்ல. பிள்ளை விலகிப் போன பெற்றோர் மேல் அதை எறியாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. போனில் உள்ள வேதாகமத்திலேயே வாசிக்கலாமா?

பதில் (ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை):
அச்சுப் புத்தகமே நல்லது, ஆளுக்கு ஒன்று. போனில் நடுவே ஒரு செய்தி வந்தால் போதும், அப்பாவின் கண்ணே முதலில் அங்கே போகும்.