கிரெடிட் கார்டு கடனை வீட்டுச் செலவைச் சுருக்கி அடைச்சவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர் சிங்காநல்லூர்லேர்ந்து எழுதறேன். இங்க நிறைய பேர் கார்டு கடன்ல மாட்டிக்கிட்டு தூக்கம் இல்லாம இருக்கீங்கன்னு படிக்கறப்ப மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதனால எங்க வீட்டுல எப்படி அடைச்சோம்னு ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன், யாராவது ஒருத்தருக்கு உதவுனா போதும்.

வீட்டுக்காரருக்கு பம்ப் கம்பெனியில வேலை, புடிச்சது போக கைக்கு 34,000 வரும். நான் வீட்டுலயே தைக்கறேன், மாசம் ஆறாயிரம் ஏழாயிரம், தீபாவளி பொங்கல்னா கொஞ்சம் கூட. மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனப்ப இன்சூரன்ஸ் பாதிதான் வந்துச்சு, மீதி ரெண்டு கார்டுல போச்சு. பெரிய கார்டுல 1,20,000, சின்னதுல 65,000. கையில இருந்ததுக்கு மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் கட்டியே ஆக வேண்டிய குறைஞ்ச தொகை, அது மட்டும்தான் கட்ட முடிஞ்சுது.

ஒரு நாள் ஸ்டேட்மென்ட்ட பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டு நானும் அவரும் வரி வரியா படிச்சோம். எங்க கார்டுக்கு மாச வட்டி 3.5 சதவீதம். 1,20,000க்கு 4,200 ஆச்சுங்களா, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 756, மொத்தம் 4,956. மினிமம் டியூ 6,000. அப்படின்னா ஆறாயிரம் கட்டுனா அசல்ல குறையறது ஆயிரத்துச் சொச்சம்தான். இன்னொன்னும் இருக்கு, பழைய பாக்கி நிக்கறப்ப புதுசா என்ன வாங்குனாலும் வாங்குன நாள்லேர்ந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத நாள்னு சொல்றாங்களே அதெல்லாம் பாக்கி இல்லாதவங்களுக்குத்தான். அதே கார்டுல மளிகை வாங்கிக்கிட்டு வீட்டுல சிக்கனமா இருக்கறது ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கற மாதிரிங்க. அன்னைக்கே ஃபோன்ல எந்தெந்த ஆப்ல கார்டு நம்பர் சேவ் ஆகி இருந்துச்சோ அத்தனையிலயும் எடுத்துட்டோம்.

அடுத்தது நகை. என் ஆரத்தை பேங்க்ல வச்சு 1,20,000 வாங்கி பெரிய கார்டை ஒரே தடவையில முடிச்சோம். ஜுவல் லோன் வருஷத்துக்கு 9.5 சதவீதம், மாசத்துக்கு 950 ரூபா வட்டி. 4,956 எங்க 950 எங்க, நீங்களே பாருங்க. நகையை வைக்கறது கௌரவக் குறைச்சல்னு எங்க சொந்தத்துலயே பேசுனாங்க, ஆனா மாமியார்தான் "நகை பொட்டில தூங்குது கண்ணு, வட்டி தூங்குதா"ன்னு கேட்டு அவங்களே கூட வந்தாங்க. என்னைக் கேட்டா கார்டுல இவ்வளவு வட்டி ஓடறப்ப நகையை பீரோவுல பூட்டி வச்சிருக்கறதுல அர்த்தமே இல்லைங்க. ஆனா ஒன்னு, கார்டு தேய்க்கறதை முழுசா நிறுத்துனவங்க மட்டும் இதைப் பண்ணுங்க, இல்லன்னா ரெண்டு கடன் ஆயிடும்.

இனி வீட்டுச் செலவு. சம்பளம் வந்த அன்னைக்கே கடனுக்கு 11,000 தனியா எடுத்துடுவோம், அதுல 950 நகை வட்டி, மீதி அத்தனையும் சின்ன கார்டுக்கு. மிச்சம் இருக்கறதுதான் குடும்பத்துக்கு. வாடகை, ஸ்கூல், மாமியார் மருந்து இதுல கை வைக்க முடியாது. மத்ததை நோட்டா எடுத்து பழைய கல்யாணப் பத்திரிகை கவர்ல போட்டு மேல எழுதி வச்சேன், பால், காய், மளிகை, கேஸ், பெட்ரோல், மொய். ஜிபேல தட்டறப்ப பத்து ரூபா இருபது ரூபா போறது கண்ணுக்கே தெரியாது, கவர்ல கையை விட்டு நோட்டை எடுக்கறப்பத்தான் உறைக்கும். காய் கவர் 20ஆம் தேதியே காலியாயிட்டா அப்புறம் வீட்டுல இருக்கற கொள்ளு, தட்டப்பயிறு, முருங்கைக்கீரைதான், பசங்க முதல்ல முகம் சுளிச்சாங்க, பின்ன கொள்ளு ரசம் கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ரேஷனை முழுசா வாங்குனோம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபா, சர்க்கரை 25 ரூபா, இதை விட்டுட்டு சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டி தள்ள வேண்டியதில்லை. அரிசி இட்லிக்குப் போட்டோம், நல்லாவே வருது. காய்க்கு உழவர் சந்தை, முடியற நேரத்துக்குப் போனா கூறு கட்டி கம்மியா குடுத்துட்டுப் போவாங்க. ஆவின்ல ஆரஞ்சு பாக்கெட்லேர்ந்து நீலத்துக்கு மாறினோம். தையல் சாமான் வாங்க டவுன்ஹால் போக சாதா டவுன் பஸ், நம்ம பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்களே. கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுனா ரேட்டே மாறிடும், அதனால வெயில் காலத்துல மீட்டரை வாரா வாரம் பாத்து குறிச்சு வச்சேன்.

ரொம்ப யோசிச்சது மொய்க்குத்தாங்க. நம்ம ஊர்ல எந்தச் செலவைக் குறைச்சாலும் இதைக் குறைக்க முடியாது, அவங்க நமக்கு செஞ்சது நோட்டுல இருக்கு, குறைச்சு வச்சா அடுத்த விசேஷத்துக்கு நம்ம பேச்சு வரும். ஆவணி, தை மாசத்துல ஒரே வாரத்துல மூணு கல்யாணம் வந்து நிக்கும், அப்பத்தான் எல்லாரும் கார்டை எடுக்கறது. நான் மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டுல பொண்ணு பையன் கல்யாண வயசுல இருக்காங்க, அவங்க எவ்வளவு வச்சாங்கன்னு பென்சில்ல ஒரு பட்டியல் போட்டேன். விசேஷம் இருந்தாலும் இல்லாட்டியும் மாசம் 1,500 அந்த கவர்ல விழும். மொய்யை அப்படியே வச்சோம், ஆனா குடும்பத்தோட கார் புடிச்சுப் போறது, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுச்சேலை இதெல்லாம் நின்னுச்சு, அவர் மட்டும் பஸ்ல போய் கவரைக் குடுத்துட்டு சாப்பிட்டு வருவார். ஒருத்தரும் தப்பா நினைக்கல.

சின்ன கார்டு முடிஞ்சதும் அதே பணம் நகைக்குப் போச்சு, போன தைக்கு ஆரம் வீட்டுக்கு வந்துடுச்சு.

*

அக்கா, நான் திருநெல்வேலி. மொய் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. எனக்கு அடகு வைக்க நகை கிடையாது, அதனால கஸ்டமர் கேர்ல பேசி மொத்த பாக்கியையும் ஈஎம்ஐயா மாத்திக் கேட்டேன், வட்டி பாதிக்கும் கீழ வந்துச்சு, ப்ராசஸிங் ஃபீஸும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு, அதையும் கேட்டுட்டு ஒத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி செட்டில்மென்ட் பண்ணிக்கோங்க, பாதி கட்டுனா போதும்னு ஒருத்தர் விடாம போன் போட்டாரு. வேண்டாம்னுட்டேன். அப்படிப் பண்ணுனா சிபில்ல, அதான் நம்ம கடன் கணக்கெல்லாம் பதிவாகற ரிப்போர்ட்ல, முழுசா கட்டாம செட்டில்டுன்னு விழுந்துரும், நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா அதுதான் முதல்ல நிக்கும். வேற வழியே இல்லாதவங்களை நான் குறை சொல்லல, தெரிஞ்சுட்டுப் பண்ணுங்கன்னுதான் சொல்லுதேன்.

கலெக்‌ஷன் ஆளுங்க போனுக்கு பயந்துட்டு இருக்கறவங்களுக்கு ஒன்னு. காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லியிருக்கு. சொந்தக்காரங்களுக்கு, ஆபீசுக்கு போன் பண்ணி அசிங்கப்படுத்தவும் கூடாது. நேரம், நம்பர், என்ன பேசுனாங்க எல்லாம் எழுதி வச்சு முதல்ல பேங்குக்கு புகார் அனுப்புங்க, 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன் இருக்கு. பணம் பாக்கி இருக்குங்கறதுக்காக யார்கிட்டயும் மானத்தை விட வேண்டியதில்லை.

*

சென்னை அம்பத்தூர். ரெண்டு பேருக்கும் நன்றி. கார்டுல ஏடிஎம்ல பணம் எடுக்கறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க, அதுக்கு எடுத்த நிமிஷத்துலேர்ந்து வட்டி, தனியா ஃபீஸ் வேற. எனக்கு ஒரு சந்தேகம்க்கா, போன மாசம் மொத்தமும் கட்டிட்டேன், ஆனா இந்த மாசம் திரும்ப 612 ரூபா வந்திருக்கு, ஏமாத்தறாங்களா?

*

இல்லம்மா, பயப்படாதீங்க. எங்களுக்கும் வந்துச்சு. ஸ்டேட்மென்ட் போட்ட தேதியிலேர்ந்து நீங்க பணம் கட்டுன தேதி வரைக்கும் ஓடுன வட்டி அடுத்த பில்லுலதான் வரும். அதை சின்னத் தொகைதானேன்னு விட்டுடாதீங்க, கட்டிடுங்க, விட்டா லேட் ஃபீஸ் ஏறிடும். அதுக்கடுத்த மாசம் பாக்கி பூஜ்யம்னு வந்ததும் கார்டு வேண்டாம்னா மூடச் சொல்லி மெயில் போடுங்க. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தாமதம் ஆனா நாளைக்கு 500 ரூபா அவங்க நமக்குத் தரணும்னு விதி இருக்கு. நோ டியூஸ் சர்டிபிகேட் கேட்டு வாங்கி பத்திரமா வைங்க, சிபில்ல க்ளோஸ்டுன்னு வந்திருக்கான்னும் பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் இலவசம்.

நாங்க சின்னதை மூடிட்டோம், பெரியதை ஆஸ்பத்திரி அவசரத்துக்குன்னு வச்சிருக்கோம். கவர் எல்லாம் அப்படியே இருக்கு, கடனுக்கு எடுத்து வச்ச 11,000ல 5,000 இப்ப போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில போடறோம், மீதியில மாமியாருக்கு பிசியோதெரபி நடக்குது.