கூரையில் எலி, தோட்டத்தில் ஆந்தை: விஷம் வைக்காமல் என்ன வழி?

வரிசைவீடு
வணக்கம். சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா பக்கம் தரைவீடு. இருட்டியதும் சீலிங்குக்கு மேலே எலி ஓடுகிறது. பூச்சி ஒழிப்புக்காரர் விஷக்கட்டி வைக்கச் சொல்கிறார். பின்னால் மரங்களில் ஆந்தை உண்டு, மரநாயும் வந்து போகும். அவற்றுக்குக் கெடுதல் வருமா? விஷத்துக்குப் பதில் பசை அட்டை வைக்கலாமா?

கம்பிவலை
கெடுதல் வரும். கட்டிகளில் பெரும்பாலும் இருப்பது புரோடிஃபாக்கம் அல்லது புரோமடியோலோன். இரண்டும் ரத்தத்தை உறையவிடாமல் கொல்பவை. தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அதற்குள் மறுபடியும் தின்று, உடம்பெல்லாம் மருந்தோடு தள்ளாடித் திரியும். ஆந்தைக்கும் மலைப்பாம்புக்கும் சுலபமாகச் சிக்குவது அந்த எலிதான். மருந்து அவற்றின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். சீலிங்குக்குள் செத்த எலி நாறுவது தனித் தொல்லை.

முதலில் அது எலிதானா என்று பாருங்கள். கூரை எலியின் புழுக்கை ஏறக்குறைய 12 மி.மீ., முனை கூர்மையாக இருக்கும். விரல் தடிமனில், பழக்கொட்டை நிறைந்து கிடந்தால் அது மரநாய். அதற்குப் பொறி வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தை 1800-476-1600 எண்ணில் கூப்பிடுங்கள்.

எலிதான் என்றால் ஓட்டைகளைத் தேடுங்கள். 12 மி.மீ. இடைவெளி எலிக்குப் போதும், சுண்டெலிக்கு 6 மி.மீ. போதும். ஓட்டு விளிம்பு, ஏர்கான் பைப் நுழையும் துளை, காற்றுத் துவாரம் மூன்றையும் விடாதீர்கள். 6 மி.மீ. கண்ணுள்ள துத்தநாகம் பூசிய கம்பிவலையைத் திருகாணியால் இறுக்குங்கள். பைப்பைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகு நாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். சாதாரண எஃகு நார் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஃபோம் மட்டும் அடித்தால் கடித்துத் துளைத்துவிடும்.

பெரிய வழி ஒன்றை மட்டும் கடைசிவரை அடைக்காமல் வையுங்கள், இல்லையென்றால் எலி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே பொறி வைத்துப் பிடித்தபின் அந்த வழியில் செய்தித்தாளைத் தளர்வாகச் செருகுங்கள். மூன்று இரவு அது கலையாமல் இருந்தால் வலை அடியுங்கள். கூரையைத் தொடும் கிளைகளை 1.5 மீட்டர் தள்ளி வெட்டுங்கள்.

வரிசைவீடு
நன்றி. என்ன பொறி? கூண்டில் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமா?

கம்பிவலை
விடவேண்டாம். எலி அடுத்த வீட்டுக்குள் போகும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். உடனே கொல்லும் அடிபொறிதான் எலிக்கும் நல்லது. எலி அளவுப் பொறியே வாங்குங்கள். சுண்டெலிப் பொறி எலியைக் காயப்படுத்துமே தவிரக் கொல்லாது. சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் பக்கம் சுவரை ஒட்டியிருக்கும்படி வையுங்கள். பட்டாணி அளவு பீநட் பட்டர் போதும், நிறைய வைத்தால் விசையைத் தொடாமலே நக்கிவிட்டுப் போகும். நெத்திலிக் கருவாடு என்றால் நூலால் கட்டுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். அதனால் முதல் மூன்று இரவு விசையை ஏற்றாமல் இரை மட்டும் வையுங்கள். பலரும் இதைச் செய்யாமல்தான் பொறி வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

காட்டோரம்
ஒன்று சேர்க்கிறேன். அடிபொறியைத் தோட்டத்தில் வைப்பதாக இருந்தால், 6 செ.மீ. வாயுள்ள கனமான பெட்டிக்குள் மட்டும் வையுங்கள். அணிலும் மர மூஞ்சூறும் அந்த வாயில் நுழைந்துவிடும், ஆனால் அவை பகலில் நடமாடுபவை. இருட்டியபின் விசையை ஏற்றுங்கள், விடியுமுன் இறக்குங்கள்.

பசை அட்டை வேண்டவே வேண்டாம். பூச்சி ஒட்டும், அதைத் தின்னப் பல்லியும் அரணையும் ஒட்டும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். ஏற்கெனவே வைத்து ஏதாவது ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தோலும் இறகும் பிய்ந்துவிடும். மிச்சப் பசைமேல் டிஷ்யூ ஒட்டுங்கள், காற்றுப் போகும் அட்டைப்பெட்டியால் மூடுங்கள், வனவிலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பின் 24 மணி நேர எண் 9783 7782-ஐக் கூப்பிடுங்கள்.

வரிசைவீடு
சீலிங்கில் புழுக்கை நிறையக் கிடக்கிறது. பெருக்கிவிடலாமா?

காட்டோரம்
உலர்ந்தபடி பெருக்கவோ வேக்கம் போடவோ கூடாது, தூசியோடு கிருமி பறக்கும். கையுறை, முகக்கவசம் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் தாளால் துடைத்து இரட்டைப் பையில் கட்டுங்கள். மின்கம்பி போகும் இடமானால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலி கடித்த கம்பி இருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்கும்வரை சுவிட்சைப் போடவேண்டாம்.