துப்பாக்கி வாங்கும் படிவத்தில் பழைய குற்றத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

மாறன்:
அமெரிக்காவில் உரிமம் உள்ள கடையில் துப்பாக்கி வாங்க 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா, போதைப்பொருள் பழக்கம் உண்டா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறதே அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், அப்படியானால் பழைய வழக்கு உள்ளவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாமா?

செல்வி:
விடலாம், ஆனால் கடைக்காரர் விற்க மாட்டார். துப்பாக்கி வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை, வேண்டாமென்று எழுந்து வந்துவிடலாம், அதனால் இதைக் கட்டாயம் என்று சொல்வது கடினம். பழைய தண்டனையும் ரகசியம் இல்லை, நீதிமன்றப் பதிவில் இருப்பதுதான். பொய் எழுதினால்தான் புதுக் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. ஐந்தாம் திருத்தம் வாய்மூடி இருக்க இடம் தருகிறது, பொய் சொல்ல இல்லை. 1969இல் பிரைசன் வழக்கில் (அது துப்பாக்கி வழக்கு அல்ல, தொழிற்சங்க நிர்வாகி ஒருவரின் பொய்ப் பிரமாணப் பத்திரம்) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

கதிர்:
“குற்றவாளி துப்பாக்கியைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று தீர்ப்பே இருக்கிறது” என்று பலர் சொல்வது 1968 ஹேய்ன்ஸ் வழக்கை வைத்து. அவரிடம் இருந்தது பதிவு செய்யாத, குழல் குறுக்கிய துப்பாக்கி. இப்படிப்பட்ட துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொல்லும் 1934 சட்டப்படி பதிவு செய்யப் போனால், சட்டத்தை மீறி வைத்திருப்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால் தண்டனை ரத்தானது. ஆனால் அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது, 1971இல் ஃப்ரீட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இன்னும் ஹேய்ன்ஸை நம்பி யாராவது மாட்டிக்கொள்வார்களோ என்றுதான் எனக்குப் பயம்.

மாறன்:
சரி, புரிகிறது. கஞ்சா கேள்வி?

செல்வி:
உங்கள் சந்தேகத்துக்கு உண்மையில் வலு இருப்பது அங்கேதான். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டத்தைப் பார்த்தே பதில் எழுத வேண்டும் என்று படிவமே எச்சரிக்கிறது, ‘ஆம்’ என்று எழுதினால் பழைய கதை இல்லை, இப்போது நடப்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். ‘இல்லை’ என்று பொய் எழுதினாலும் ஆபத்துதான். 2018இல் நிரப்பிய படிவத்தில் போதைப்பொருள் கேள்விக்குப் பொய் எழுதியதற்காக ஹன்டர் பைடன் 2024 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பானது, அப்புறம் டிசம்பரில், அப்போது அதிபராக இருந்த அவருடைய அப்பா ஜோ பைடன் மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் அப்படி ஓர் அப்பா கிடையாது.

கதிர்:
இன்னொன்று. சிறைக்கே போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தவர்கள், பழைய தண்டனை பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கிடைத்த தண்டனை எவ்வளவு என்று கேட்கவில்லை, நீதிபதி எவ்வளவு கொடுத்திருக்க முடியும் என்றுதான் கேட்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்.