வினைல் விரிப்பு ஒட்டியதிலிருந்து பிள்ளைக்குக் கரப்பான் கூடுகிறது, தொடர்பு இருக்குமா?

செல்வி, கல்லிடைக்குறிச்சி
என் மகனுக்கு இரண்டு வயது. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் கரப்பான் (எக்சிமா என்கிற தோல் அரிப்பு). சிமெண்ட் தரை பெயர்ந்து கிடந்ததால், ரோலாக விற்கிற வினைல் விரிப்பை வாங்கி அறை முழுக்க ஒட்டினோம். வெயில் ஏறினால் ஒரே பிளாஸ்டிக் வாடை. பிள்ளை அதில்தான் உருண்டு விளையாடுகிறான். இப்போது தூக்கத்திலேயே சொறிகிறான், தலையணை உறையில் ரத்தப்பொட்டு. டாக்டர் களிம்பு தந்திருக்கிறார். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், நிறுத்து என்கிறார் ஆச்சி. எனக்கு விரிப்பு மேல்தான் சந்தேகம்.

பாளையங்கோட்டை அக்கா
செல்வி, நான் தோல் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில், களிம்பை நிறுத்திவிடாதே. பரம்பரையும் தோலின் வறட்சியும் சேர்ந்து வருகிற நோய் இது. விரிப்புதான் உண்டாக்கியது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உன் சந்தேகம் நியாயமானது.

வினைல் விரிப்பு என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக்தான். பிவிசி இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதை மடங்க வைக்கத் தாலேட் என்ற எண்ணெய் போன்ற இரசாயனத்தைக் கலப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைவதில்லை. வெக்கையில் மெல்ல வெளியேறித் தூசியில் ஒட்டும். தரையில் விளையாடும் பிள்ளையின் கையும் வாயும் அந்தத் தூசியில்தானே!

2004-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில், ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்த 198 பிள்ளைகள், இல்லாத 202 பிள்ளைகள் ஆகியோரின் படுக்கையறைத் தூசியைச் சோதித்தார்கள். பியூட்டைல் பென்சைல் தாலேட் கூடுதலாக இருந்ததற்கும் கரப்பான், மூக்கொழுகலுக்கும் தொடர்பு தெரிந்தது. ஜப்பானில் 2006-இல் தூசிப்பூச்சி ஒவ்வாமை கொடுத்த எலிகளுக்கு டிஇஎச்பி என்ற தாலேட்டையும் செலுத்தியபோது தோல் புண் மோசமானது. எரிகிற தீயில் எண்ணெய் விடுகிற வேலை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொன்று. தாலேட்டுக்கு அவ்வளவாக வாடையே கிடையாது. வாடை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதே. எண்ணெய் தேய்த்து அதன்மேல் படுக்கவும் வைக்காதே, தாலேட் எண்ணெயில் நன்றாகக் கரையும். விரிப்பை எடுத்துவிடு, அதுவரை ஈரத்துணியால் துடை. ஆச்சி சொல்கிறார் என்று சாப்பாட்டைக் குறைக்காதே, டாக்டர் சொன்னால் மட்டும் பார்.

பத்தமடைக்காரன்
மதினி, எங்கள் ஊர்க் கோரைப்பாய் போடுங்க. முரட்டுப் பாய் வேண்டாம், கோரை நுனி புண்ணில் குத்தும். மெல்லிசாக, சாயமில்லாததாக வாங்கி, மேலே பழைய பருத்தி வேட்டி விரிங்க. அடிக்கடி வெயிலில் காயப் போட்டால் போதும்.

அம்பை வாசகர்
அப்போ ஓட்டலில் சூடாக சாம்பார் கட்டித் தருகிற கவர், அக்கா?

பாளையங்கோட்டை அக்கா
அது பாலித்தீன், அண்ணாச்சி. வளைவதற்குத் தாலேட் வேண்டாம். சூடாக அதில் வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோவது நல்லது, அது வேறு விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது பிவிசி: ரெக்சின் மெத்தை உறை, மேசை விரிப்பு, பிசுபிசுக்கிற பழைய பொம்மை. புதுப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க, 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம்.

செல்வி, கல்லிடைக்குறிச்சி
ஞாயிற்றுக்கிழமை பெயர்க்கப் போகிறோம், அக்கா. உடனே குறைந்துவிடுமா?

பாளையங்கோட்டை அக்கா
பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துப் பெயர்த்து எடுங்க. உடம்புக்குள் போன தாலேட் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். கிழிந்த தோல் ஆறத்தான் வாரக்கணக்காகும். குளித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர் தடவு. புண்ணில் சீழ் வைத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.